ஏலக்கூடத்துப் பேய்க்கு வக்காலத்து

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? ஈரத் தலையோடு பஸ் ஏறுகிற பழக்கத்தை விட்டாயா?

உன் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது. வலது கை விறகுக்கட்டை மாதிரிதான் கிடக்கிறது. இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகிவிட்டார். பேச்சுதான் வரமாட்டேன் என்கிறது. முதல் எழுத்து வரும், அதற்கப்புறம் வாய் கோணிக்கொண்டு நின்றுவிடும். மீதியை நான் ஊகித்துச் செய்கிறேன். வீடு மாற்றுகிறவர்களுக்கு லாரி ஓட்டி, மூன்றாவது மாடியிலிருந்து பீரோவை முதுகில் சுமந்து இறக்கிய மனுஷன். இன்று போர்வையை மார்புக்கு இழுக்க என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போன வாரம் பக்கத்து வீட்டு டீச்சரின் ஃபோனில் கூப்பிட்டபோது, டிவியில் வருகிற 'கைமாறு' தொடரை நிறுத்தப் போகிறோம் என்று போகிற போக்கில் சொன்னாயே. டீச்சர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பேய்த் தொடருக்காகத் தம்பியோடு சண்டை போடுகிறாள் என்று தெருவெல்லாம் பேசும். அதனால் 'உம்' கொட்டிவிட்டு வைத்தேன். இப்போது எழுதுகிறேன்.

தம்பி, வியாழக்கிழமை மாலை ஏழு மணி ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. மருந்து கொடுத்து, தலையணையைச் சரிசெய்து, அவருக்குச் சத்தம் ஆகாது என்பதால் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் பெண்டாட்டியும் இல்லை, தாதியும் இல்லை. இதை எழுதவே கை கூசுகிறது. அவர் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, நான் வெளியே பேயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தையும் பிடுங்கினால் எப்படி? எந்தத் தொடர் எப்போது வரவேண்டும் என்று வரிசை போடுகிற நாற்காலியில் என் கூடப் பிறந்தவன் உட்கார்ந்திருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. ஈரத் தலைதான் போகவில்லை, பஸ்ஸில் அதே கூட்டம். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

நீ அந்தத் தொடரைப் பார்க்கிறாய் என்பதே எனக்கு அதிர்ச்சி. ஓர் ஏலக்கூடம். வாரம் ஒரு பழைய சாமான் ஏலத்துக்கு வரும். அதில் ஒரு சாபம் ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்தவன் கெட்டான். இதை மாற்றி மாற்றி எத்தனை வாரம் பார்ப்பது? நான் ஒரு பகுதி பார்த்தேன். நாற்காலி தானாக நகர்கிறது, அதை இழுக்கிற நூல் பளிச்சென்று தெரிகிறது! ஆபீஸில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "பழைய சாமான், பழைய பயம்" என்றேன். இயக்குநரே மேசையைத் தட்டினார்.

பார்க்கிறவர்களும் குறைவு அக்கா. அந்த நேரத்தில் ஒரு பாட்டுப் போட்டி வைத்தால் ஊரே உட்கார்ந்து பார்க்கும். அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவாகும். முடிவு மேலிடத்தில். நான் வரிசை போடுகிறவன் மட்டும்தான்.

உனக்கென்று ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? பாட்டுப் போட்டி பார், மனசுக்கு இதமாக இருக்கும்.

விடுமுறை கிடைத்ததும் வருகிறேன். 'போன வருஷமும் இதையேதான் சொன்னான்' என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, சுகமாக இருக்கத்தான் நேரமில்லை. உன் கடிதம் கண்டேன். கண்டதிலிருந்து பாத்திரம் கழுவும்போதெல்லாம் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ சிரித்த அந்த நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். அதில் உட்காருகிறவருக்கு, வீட்டில் அவரைப் பற்றி யார் எங்கே என்ன பேசினாலும் காதில் விழும். ஒரு ரிட்டயரான மனுஷர் அதை ஏலத்தில் எடுத்து வருகிறார். முதல் நாள் மகன் பேசியது கேட்கிறது. மறுநாள் மருமகள். எழுந்து போய்விடலாம், யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொல்கிறார். கேட்டுக் கேட்டே தேய்ந்து போகிறார். கடைசியில் வீட்டில் எல்லோரும் அவரை மறந்துபோய் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் கேட்காமல் போன அன்றைக்குத்தான் உயிர் போகிறது. நீ நூலைப் பார்த்தாய். நூல் எனக்கும்தான் தெரிந்தது. நூல் தெரிந்தும் பயந்தேனே, அதுதானப்பா அவர்கள் சாமர்த்தியம்.

இன்னொன்று சொல்கிறேன், கேள். அந்த ஏலக்கூடத்தில் சாமான்களுக்கு மதிப்புப் போடுகிற அம்மாள் ஒருத்தி வருவாளே, அவளை நீ கவனித்தாயா? தொட்டுப் பார்த்தாலே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். இது யார் வீட்டுப் பொருள், யாரைக் கொன்றது, வாங்குகிறவனை என்ன செய்யும், எல்லாம். சொன்னால் ஏலம் நின்றுபோகும், முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவான். சொல்லாவிட்டால் வாங்குகிறவன் கதி அதோகதி. ஏலக்காரன் சுத்தியலைத் தூக்குவான். அரை நிமிஷம். அவள் உதடு லேசாகப் பிரியும். பிறகு மூடிக்கொள்ளும். சுத்தியல் விழும். அதற்கப்புறம் அவள் பின்னாலேயே ஓடி ஓடிக் காப்பாற்றப் பார்ப்பது வேறு விஷயம்.

ஏலத்துக்கு வருகிற அந்தச் சாபக் கண்ணாடியையும் கடிகாரத்தையும் பார்த்து எனக்கு ஒரு பயமும் இல்லை. அந்த அரை நிமிஷத்தில்தான் கை கால் சில்லிட்டுப் போகிறது. பேய் பெட்டிக்குள் இல்லை தம்பி, அவள் தொண்டைக்குள் இருக்கிறது. இதைப் புரிந்து எழுதியவர்கள் யாரோ பெரிய ஆட்கள். நீங்கள் ஆபீஸில் கூடிச் சிரிக்கிறீர்கள்.

உன் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசி. வக்கீல் வைக்க வசதியில்லாத பேய்களுக்காக என் அக்கா வக்காலத்து வாங்கியிருக்கிறாள் என்று சொல். பாட்டுப் போட்டியை நீயே பார்த்துக்கொள், உனக்குத்தான் தாளம் நிற்காது.

சத்தமாகப் படி, முழுங்காதே.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கூட்டம் நடந்தது. 'கைமாறு' தொடரை நிறுத்துவதென்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். இந்த மாதத்தோடு சரி. உன் கடிதத்தைக் கொண்டுபோயிருந்தேன். வாசிக்கச் சந்தர்ப்பம் அமையவில்லை.

எனக்கு ஒரு படி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷப்படுவாய் என்று எழுதுகிறேன்.

தம்பி


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உனக்கு உயர்வு கிடைத்ததில் எனக்கும் அத்தானுக்கும் மகிழ்ச்சி.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை அவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டு முறிந்தது. நல்லதாக இருந்த ஒரே கை. சத்தம் கேட்டதும் ஓடினேன். பக்கத்து வீட்டு டீச்சரும் அவர் மகனும் வந்து தூக்கினார்கள். மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, இப்போது மறுபடியும் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். கட்டு இருந்த நாட்களில் நான் ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொள்வார், என் முகத்தையே பார்ப்பார்.

டிவியின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடிவிட்டேன். அந்தத் தொடரைப் பற்றி நான் ஏதேதோ எழுதினேன், மறந்துவிடு. நீ சொன்னதுதான் சரி. அது குப்பை. நிறுத்தியது நல்லது, இன்னும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

உங்கள் நிலையத்து வாரப் பத்திரிகையைப் பல் டாக்டர் வீட்டில் பார்த்தேன். தொடரை நிறுத்திய காரணம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: 'பழைய சாமான், பழைய பயம்.' மேலிடம் அப்படியே உன் குரலில் பேசுகிறது. எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நல்ல காரியம் செய்தாய்.

உடம்பு நலமாக இருக்கட்டும்.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்குக் கை எப்படி இருக்கிறது? வலி இருக்கிறதா? விரல் மடங்குகிறதா? ஒவ்வொன்றாக எழுது. விழுந்த அன்றே ஏன் ஃபோன் செய்யவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். மார்ச்சிலிருந்து நானும் செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நீ கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். 'நல்ல காரியம் செய்தாய்' என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆமாம், தொடரை நிறுத்தச் சொன்ன குறிப்பு என்னுடையது. ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு, அதிலும் பாதியைச் சிரிப்பில் விட்டுவிட்டு, ஒரு முழுப் பக்கம் எழுதினேன். கூட்டத்தில் அது எல்லோர் முன்னாலும் இருந்தது. இயக்குநர் கேட்டார், "யாருக்காவது வேற அபிப்பிராயம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க." உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. கை அதுவரைக்கும் போனது. பிறகு தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

அக்கா, இப்போது நான் சாப்பாட்டு வேளையில் பழைய வீடியோ நாடாக்கள் இருக்கிற அறைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பகுதி. உன் நாற்காலியை முதலில் பார்த்தேன். நூல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தெரியவில்லை. பிறகு, கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைக் கொல்கிற அந்தச் சாப்பாட்டு மேசை வருகிற பகுதி. அதில் மதிப்புப் போடுகிற அம்மாள் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, "இத வாங்காதீங்க" என்று சொல்லிவிடுகிறாள், நினைவிருக்கிறதா? வாங்க வந்தவன் சிரித்துவிட்டு, "தெரியும், அதுக்குத்தான் வாங்கறேன்" என்கிறான். சோற்றில் கை வைக்க முடியவில்லை எனக்கு.

அது குப்பை இல்லை. எழுதியவர்கள் பெரிய ஆட்கள் என்று நீ சொன்னாய், நான் அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நீ ஏன் பின்வாங்குகிறாய்?

அத்தானின் கையைப் பற்றி உடனே எழுது.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

கை தேவலை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்கின்றன. அந்தத் தொடரைப் பற்றி இனி எனக்கு எழுதாதே. வேறு என்ன வேண்டுமானாலும் எழுது.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

விரல்கள் சேர்ந்ததில் பெரிய நிம்மதி. நீ சரியாகத் தூங்குகிறாயா? உன்னைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதுவதில்லை.

எழுதாதே என்றாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். திட்டுவதானால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

போன வாரம் இயக்குநர் அறைக்குப் போனேன். 'கைமாறு' பகுதிகளை மதிய நேரத்திலாவது மறுபடி போடலாம் என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ், இதுக்குக் குழி தோண்டினதே நீதானய்யா?"

"ஆமா சார். பாக்காமயே தோண்டிட்டேன்."

"இப்ப பாத்தியா?"

"எல்லாத்தையும் பாத்துட்டேன் சார். நல்ல தொடர். நாமதான் கவனிக்கல."

"நல்ல தொடர்தான்" என்றார் அவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எனக்கும் தெரியும். நீ எழுதினது எனக்கு வசதியா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். பாட்டுப் போட்டிக்கு விளம்பரம் வரிசையில நிக்குது. போ, போய்ப் பொழப்பப் பாரு."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த மேசையைச் சுற்றி இன்னும் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்ததோ. எல்லோரும் அன்று தண்ணீர்தான் குடித்தோம்.

அங்கிருந்து நேராகத் தொடரை எழுதிய அம்மாளைத் தேடிப் போனேன். நீ நினைத்த மாதிரி எழுதியவர்கள் பல பேர் இல்லை, அவர் ஒருத்தர்தான். இப்போது ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கு வாசகம் எழுதுகிறார். மேசை முழுக்கக் கலர் கலராகச் சோப்பு. ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே எழுதுகிறார். நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, நீங்கதானா அந்தப் 'பழைய பயம்'?"

"நான்தாங்க."

"நல்லா இருந்துச்சு. நாலே வார்த்தை. நான் ஒரு வாரமா இந்தப் பச்சை சோப்புக்கு நாலு வார்த்தை தேடறேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு, "யாராவது அதப் பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். 'பேய் அவள் தொண்டைக்குள் இருக்கிறது' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத எழுதினவங்க என்ன பண்றாங்க?"

"வீட்டுக்காரருக்கு முடியல. பாத்துக்கறாங்க."

"பேய எழுதறது சுலபம் சார். தெரிஞ்சும் பேசாம நின்ன ஆளக் கெட்டவளாக் காட்டாம எழுதணுமே, அதுதான் எனக்குப் பெரும்பாடு. அவங்க அவளக் கெட்டவள்னு எழுதல பாருங்க. ஒரு எடத்துலகூட எழுதல." கடிதத்தைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். அதற்கும் சேர்த்துத் திட்டு.

அக்கா, நீ ஏன் அதை வெறுக்க ஆரம்பித்தாய் என்று எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாதே. ஆனால் குப்பை என்று மட்டும் சொல்லாதே. நான் பார்க்காமல் சொன்னேன். நீ பார்த்தவள்.

எல்லாப் பகுதிகளையும் நாடாவில் பதிந்து, நண்பனிடம் கெஞ்சி வாங்கிய பிளேயரோடு பார்சல் அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்க்காவிட்டால் பரவாயில்லை. தெருவில் மட்டும் வீசாதே, நண்பன் பிளேயரைத் திரும்பக் கேட்பான்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பார்சல் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. பிரித்துப் பார்த்துவிட்டு, அவர் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். வேறு எங்கே வைத்தாலும் என் கண்ணில் படும்.

நேற்றுப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். சின்னப் பெண், சிரித்த முகம். அவள் பந்து ஒன்றைத் தரையில் உருட்டிவிட, அது கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. எடுக்கப் போனவள் பார்சலையும் சேர்த்து இழுத்தாள். நாடாக்களின் மேல் நீ கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாயே, 'கைமாறு' என்று. உன் அத்தான் அதைப் பார்த்தார். இடது கையை நீட்டி, "தொ... தொ..." என்றார்.

"தொல்லையா இருக்கா? இதோ எடுத்துடறேன்" என்று நான் எழுந்தேன்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அம்மா, நீங்க முடிச்சுக் கொடுக்காதீங்க. அவரே முடிக்கட்டும்."

"இல்லம்மா, இது எனக்குத் தெரியும். வாரா வாரம் இதையேதான் சொல்வார்."

"பரவால்ல, இருங்க."

இருந்தோம். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "தொ" என்பார், நிற்பார், மூச்சு வாங்குவார். எனக்குத் துடைத்துவிட வேண்டும்போல் இருந்தது, அவள் என் மணிக்கட்டை விடவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"தொ... ட... ர்."

தொடர் தம்பி. தொல்லை இல்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்குத் தொடரின் அந்த வயலின் சத்தம் ஆரம்பித்ததும் அவர் உள்ளேயிருந்து "தொ, தொ" என்பார். சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று நினைத்து நான் கதவைச் சாத்தினேன். அப்போதும் சொன்னார். கதவுக்கடியில் துணியைச் சுருட்டி அடைத்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, எவ்வளவு நல்ல மனைவி நான் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் பார்க்கத்தான் கேட்டிருக்கிறார். வாரா வாரம் கேட்டிருக்கிறார். ஊர்ச் சாமானையெல்லாம் தூக்கிய மனுஷன், அந்தக் கதை அவருக்குப் பிடிக்காமல் இருக்குமா? இது என் மண்டையில் ஏறவில்லை பார்.

விழுந்த அன்றும் கேட்டுப் பார்த்துவிட்டு, தானே எழுந்து வரப் பார்த்திருக்கிறார். பயிற்சிப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் தலையை ஆட்டினார்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மத்தியானம் போய் விடுமுறை கேட்டேன். "எடுத்துக்க" என்றார்கள். அவ்வளவுதான். கேட்டால் கொடுப்பார்கள் என்பது இத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் போயிற்று. உண்மையைச் சொன்னால், நான் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நின்றாலும் நிற்பேன். டிவியின் மேலிருக்கும் போர்வையை எடுத்து வை. அத்தானைக் கூடத்துக்குத் தூக்கிவர ஓர் ஆள் வேண்டுமே, அது நான்.

தம்பி


அக்டோபர் 20

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து நீ எழுதிய கார்டுகள் வந்தன. முதுகு வலி போய்விட்டதா? அவரைத் தூக்கும்போது குனியாதே, முட்டியை மடக்கு என்று அவரே கையைக் காட்டிச் சொன்னார், நீதான் கேட்கவில்லை. இங்கே இருவரும் முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

நீ வாங்கிக்கொடுத்த சக்கர நாற்காலியில் இப்போது நானே அவரைக் கூடத்துக்குத் தள்ளி வந்துவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல் பார்ப்பதில்லை என்று இரண்டு பேரும் வைராக்கியமாக இருந்தோம். அப்படியும் போன வாரம் தீர்ந்துவிட்டன. நாற்காலி நகர்கிற இடத்தில் "நூ... ல்" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆனால் சுத்தியல் தூக்குகிறபோது சிரிக்கமாட்டார். என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நேற்று வியாழக்கிழமை. ஏழு மணிக்குப் பழக்கதோஷத்தில் இருவரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டோம். போடுவதற்கு ஒன்றும் இல்லை. பாட்டுப் போட்டி வேண்டுமா என்றேன், உன் அத்தான் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ" என்றார். "நீ... சொல்."

நான் என்ன கதையைக் கண்டேன்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஏலக்கூடத்துக்கு ஒரு பழைய டிவிப் பெட்டி வந்துச்சாம். ஒரு பொம்பளை எடுத்துட்டுப் போனா. அதுல என்ன சாபம்னா, சத்தம் பெட்டிக்குள்ளேருந்து வருதா, வீட்டுக்குள்ளேருந்து வருதான்னு தெரியாது. ஒரு நாள் அவ பேய்க்கதை பாத்துட்டிருக்கா. சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் 'தொம்'னு ஒரு சத்தம். கதையிலதான் ஏதோ விழுந்துருக்குன்னு நெனச்சுக்கிட்டா."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஒரு முனகல் கேட்டுச்சு. அது பெட்டியிலேருந்து வரல. அவளுக்குத் தெரியும். அந்த நேரம் பாத்து ஏலக்காரன் சுத்தியலத் தூக்கறான். இன்னும் அரை நிமிஷந்தானே, இத மட்டும் பாத்துட்டுப் போயிடலாம்னு உக்காந்துருந்தா. தெரிஞ்சே உக்காந்துருந்தா."

உனக்கு நான் எழுதியிருந்தேன் தம்பி, சத்தம் கேட்டதும் ஓடினேன் என்று. ஓடவில்லை. சுத்தியல் விழுந்த பிறகுதான் எழுந்தேன்.

தெருவில் யாரோ சைக்கிளைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்... புறம்?"

"அப்புறம் ஓடினா. தரையில கெடந்தாரு. கையி மடங்கிக் கெடந்துச்சு."

"தூக்... கினாளா?"

"தூக்கிப் பாத்தா. முடியல. தோளப் புடிச்சு இழுத்தா, வரல. அப்புறந்தான் பக்கத்து வீட்டுக்கு ஓடினா."

அவர் நெற்றியைச் சுருக்கினார். வீடு காலி பண்ணுகிறவர்கள் கூப்பிடும்போது, கூடத்தில் கிடக்கிற பீரோவை மேலும் கீழும் பார்த்து ஆள் கணக்குச் சொல்வாரே, அதே முகம். தன் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இடது கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டினார். கட்டைவிரலை மடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நா... லு ஆள்" என்றார். "நாலு ஆள்... வேணும். ஒருத்தி... எப்படித்... தூக்குவா?"

சொல்லிவிட்டு, இவ்வளவு கூடத் தெரியாதா உனக்கு என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை, பேய்க்கதை பார்க்கிறோம் என்றேன். டிவி ஓடவில்லையே என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷி.

நேரத்துக்குத் தூங்கு. அத்தான் உன்னை விசாரிக்கிறார். வாயாலேயே விசாரித்தார்.

அக்கா